பதினாறாம் எபிசோடு

சிந்துஜா இறந்த ஐந்தாம் நாள் சாயந்திரம், டிவியில் கோட்டுப் போட்ட ஒரு கொரியாக்காரன் வாசற்படி தடுக்கி மாவுத் தொட்டிக்குள் விழுந்தபோது, எங்கள் காம்பவுண்டின் ஏழாம் நம்பர் வீட்டுக்குள்ளிருந்து அவள் சிரித்தாள். ஒன்பது வீட்டுக்கும் கேட்டது. மரகதக்கா பொதுக்குழாயில் குடம் வைத்திருந்தாள், நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன், டெய்லர் லோகநாதன் அப்போதுதான் கம்பெனியிலிருந்து வந்து வண்டிக்கு ஸ்டாண்டு போட்டுக்கொண்டிருந்தார். மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். "நம்ம சிந்துதான்" என்றாள் மரகதக்கா. அவள் குடம் நிறைந்துவிட்டிருந்தது, அதை இறக்கிவைத்துவிட்டு அடுத்த குடத்தை வைத்தாள்.

அந்தச் சிரிப்பை வேறொருத்தியின் சிரிப்பென்று நினைக்க வழியே கிடையாது. முதலில் விக்கல் மாதிரி ஒன்று வரும், அதை அடக்கப் பார்ப்பாள், அடக்க அடக்க அது மூக்கு வழியாகக் கிளம்பும், பிறகு அடக்குகிற வேலையையே விட்டுவிட்டு வாயைத் திறந்துவிடுவாள், பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தாலும் அவர்கள் தோளில் பட்டென்று ஒன்று வைப்பாள். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை அவளுக்கு. சிரிக்கிறாள், பக்கத்திலிருக்கிறவளையும் சிரிக்கவைக்கிறாள் என்று சூப்பர்வைசர் மூன்று தடவை அவளை இடம் மாற்றினார், மாற்றின இடத்திலெல்லாம் பக்கத்திலிருந்தவள் சிரிக்க ஆரம்பித்தாள், நாலாம் தடவை அவரே சிரித்துவிட்டுப் போய்விட்டார். திருப்பூரில் தினம் லட்சம் பேர் அடித்துப்பிடித்து வேலைக்கு ஓடுகிறார்கள், அவர்களில் இவள் ஒருத்திதான் சிரித்துக்கொண்டே ஓடினாள் என்று எனக்குத் தோன்றும். அவளுக்கு இருபத்திரண்டு வயது.

அவள் பார்த்துக்கொண்டிருந்த தொடருக்குத் தமிழில் 'குடைக்குள் மாப்பிள்ளை' என்று பேர் வைத்திருந்தார்கள். குடைக் கம்பெனி வாரிசு ஒருவன், கல்யாணம் பண்ணினால்தான் கம்பெனி உனக்கு என்று சித்தப்பா பிடிவாதம் பிடிக்க, தெருமுனையில் பலகாரக் கடை வைத்திருக்கிற ஒருத்தியிடம் ஒரு வருஷத்துக்கு மட்டும் எனக்குப் பெண்டாட்டியாக இரு என்று கையெழுத்து வாங்குகிறான், அவ்வளவுதான் கதை. அவள் ஆவியில் வேகவைக்கிற அந்தப் பலகாரம் பார்வைக்கு நம் ஊர்க் கொழுக்கட்டையேதான், அதனால் அவளுக்குக் கொழுக்கட்டைக்காரி என்றும் அவனுக்குக் குடைக்காரன் என்றும் காம்பவுண்டில் பேர் விழுந்துவிட்டது. அவள் தடுக்கி விழுவாள், அவன் தாங்குவான், அதை மூன்று பக்கத்திலிருந்து மூன்று தடவை காட்டுவார்கள், பின்னால் ஒரு பாட்டு வரும். கையைப் பிடிக்க ஆறு எபிசோடு, முத்தம் கொடுக்க ஒன்பது எபிசோடு. நம் ஊர் சீரியலில் அதற்குள் இரண்டு கொலையும் ஒரு ஆள்மாறாட்டமும் முடிந்து, செத்தவன் வேறு முகத்தோடு திரும்பி வந்திருப்பான்.

சிந்துஜாவின் அம்மா வசந்தாமணியக்கா அந்தத் தொடரைப் பார்த்ததே இல்லை, கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தாள். கம்பெனியிலிருந்து மூட்டையாக வருகிற பனியன்களில் நூல் பிசிறு வெட்டுகிற வேலையை அவள் வீட்டில் உட்கார்ந்து செய்வாள், வாசல் வெளிச்சம் வேண்டுமென்று டிவிக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவாள். மகள் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே இருக்கிற ஒன்றரையடி இடத்தில் ஒடுங்கிக்கொண்டு, மடியில் பொரிக் கிண்ணத்தோடு பார்ப்பாள். எப்போதாவது அம்மா கத்தரியை நிறுத்திவிட்டுத் திரும்பி, "இவன் யாரு கண்ணு, நேத்து வந்தவனா?" என்று கேட்பாள். "ஐயோ அம்மா, இவன்தான் ஹீரோ! பத்து நாளா இவனைத்தான் பாத்துட்டு இருக்கறோம்" என்று மகள் தலையில் அடித்துக்கொள்வாள். ஹீரோவைக் கேட்பாள், சித்தப்பாவைக் கேட்பாள், ஒரு நாள் கொழுக்கட்டைக்காரியையே கேட்டாள். ஒவ்வொரு தடவையும் மகள் சலித்துக்கொண்டே, முதலிலிருந்து கதையைச் சொல்லுவாள்.

ஐப்பசி மழையில் சிந்துஜாவுக்குக் காய்ச்சல் வந்தது. மூன்றாம் நாளும் அவள் சுருண்டு படுத்துக்கொண்டு பத்தாம் எபிசோடு பார்த்தாள், பாதியில் கண் எரிகிறது என்று நிறுத்தச் சொன்னாள். ஆட்டோ வந்து நின்றபோது சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, நானில்லாம மீதியைப் பாத்துராத, வந்து சேந்து பாத்துக்கலாம்" என்றாள். பார்க்கவே பார்க்காத அம்மாவிடம் அப்படி ஒரு சத்தியம் வாங்கிக்கொண்டு போனாள். ரத்தத்தில் தட்டணு குறைகிறது என்றார்கள், ஏறும் என்றார்கள், இரண்டு நாள் பார்க்கலாம் என்றார்கள். இரண்டு நாளில் எல்லாம் முடிந்துவிட்டது, அவளைத் திரும்பக் கொண்டுவந்த வண்டி பெரிதாக இருந்ததால் எங்கள் சந்துக்குள் நுழையவில்லை.

மூன்றாம் நாள் பால் தெளித்தார்கள். உறவுக்காரர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். ஐந்தாம் நாள் சாயந்திரம் வசந்தாமணியக்கா சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் டிவியைப் போட்டாள். அதில் மகள் பேர் எழுதின கட்டத்துக்குக் கீழே, பத்தாம் எபிசோட்டின் படமும், அதன் அடியில் பாதிவரைக்கும் ஓடி நின்ற ஒரு சிவப்புக் கோடும் இருந்தன. பாதியில் நிற்கிறதே என்றுதான் அழுத்தினேன், வேறெதுவும் நினைக்கவில்லை என்று பிற்பாடு சொன்னாள். அப்போதுதான் குடைக்காரன் மாவுத் தொட்டிக்குள் விழுந்தான், பீரோவுக்கும் சுவருக்கும் நடுவிலிருந்து அந்த விக்கல் வந்தது.

அன்றைக்கு அக்கா முதல் தடவையாக டிவியைப் பார்த்து உட்கார்ந்தாள். பத்தின் மீதியும் பதினொன்றும் அடுத்தடுத்து ஓடின, ஓட ஓட மகள் சிரித்தாள், நாங்கள் வாசலில் நின்று கேட்டோம். எபிசோடு முடிந்ததும் அக்கா பேராசையோடு முதலிலிருந்து மறுபடி போட்டாள். குடைக்காரன் விழுந்தான், சித்தப்பா கத்தினார், மாவு பறந்தது, ஆனால் பீரோ பக்கம் சத்தமே இல்லை. ஒன்றிலிருந்து ஒன்பதுவரை ஒவ்வொன்றிலும் கொஞ்சம் போட்டுப் பார்த்தாள், எதிலும் இல்லை. பார்த்த தமாஷுக்கே திரும்பச் சிரிக்கிற ஆள் இல்லை அவள், உயிரோடு இருக்கும்போதும் அப்படித்தான். லோகநாதன் நல்லெண்ணத்தில் போனில் பதிவு செய்து வைத்திருந்தார், போட்டுப் பார்த்தால் டப்பிங் குரல் மட்டும்தான் இருந்தது. மொத்தம் பதினாறு எபிசோடு, பதினொன்று முடிந்துவிட்டது, இன்னும் ஐந்து மணி நேரச் சிரிப்புத்தான் இந்த உலகத்தில் மீதி இருக்கிறது என்பது அக்காவுக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. ரிமோட்டை எடுத்து அரிசிப் பானைக்குள் வைத்து மூடினாள்.

கல்யாணமாகாத பெண்ணுக்குக் காரியத்தை மூன்றாம் நாளோடு முடித்துக்கொள்ளலாம் என்று உறவில் சிலர் சொன்னதுண்டு. சிந்துஜாவின் அப்பா நாச்சிமுத்தண்ணன், அதிகம் பேசாத மனிதர், அந்த ஒரு விஷயத்தில் மட்டும் வாயைத் திறந்து, என் மகளுக்கு எல்லாம் முழுசாகச் செய்யவேண்டும், பதினாறாம் நாள்தான் கருமாதி என்று சொல்லிவிட்டார். பதினாலாம் நாள் சாயந்திரம், என்னென்ன சாமான் வாங்க வேண்டுமென்று சொல்வதற்காக, காரியம் செய்துவைக்கிற பண்டாரம் வந்தார். அன்றைக்கு அக்கா மனதைக் கட்டுப்படுத்த முடியாமல் பன்னிரண்டாம் எபிசோடைப் போட்டிருந்தாள். பண்டாரம் வாசலில் நின்றபடி அந்தச் சிரிப்பைக் கேட்டார், துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"இது எத்தனாவதுங்க?" என்றார்.

"பன்னெண்டுங்க" என்றார் லோகநாதன்.

"மொத்தம் எத்தன?"

"பதினாறுங்க."

பண்டாரம் விரலை மடக்கி எண்ணிப் பார்த்தார். "அப்ப நாளானிக்குக் காரியம் ஆகாதுங்க. நாம நாளை எண்ணீட்டு இருக்கறோம், அம்மிணி எபிசோடை எண்ணீட்டு இருக்குது. போறவங்க கணக்குத்தானுங்க கணக்கு. பதினாறு முடியட்டும், மறுநாளே வந்து செஞ்சு குடுத்தர்றேன்" என்றார்.

அதில் யாருக்கும் எந்த ஆட்சேபணையும் இருக்கவில்லை, கேட்டால் நியாயமாகத்தானே இருக்கிறது. ஆனால் வசந்தாமணியக்காவின் காதுபட அதைச் சொல்லியிருக்கக்கூடாது. அவள் அரிசிப் பானைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அத்தனையையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அப்புறம் காம்பவுண்டு அந்தச் சிரிப்புக்கு ஏற்றபடி தன்னைத் திருத்திக்கொண்டது. மாசத்துக்கு ஒரு எபிசோடு, அமாவாசைக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்று அக்கா முடிவு பண்ணினாள். அந்த ஒரு மணி நேரம் யாரும் மிக்சி ஓட்டுவதில்லை, குழாயில் தண்ணீர் வந்தாலும் குடத்துக்குள் துணியைப் போட்டுச் சத்தமில்லாமல் பிடித்தோம். செக்கிங்கிலிருந்து அவளோடு வேலை பார்த்த நாலு பெண்கள் வந்து, வந்ததும் அழுது, அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு, சிரிப்பு கேட்டதும் தாங்களும் சிரித்து, மறுபடி அழுது, கிளம்பும்போது அடுத்த மாசம் எந்த ஞாயிறு என்று கேட்டுக்கொண்டு போனார்கள். பின்னால் தெருவிலிருந்து சிலர் கைக்குழந்தைகளைத் தூக்கிவந்தார்கள், பயந்து அழுகிற குழந்தைகளுக்கு நல்லதென்று எப்படியோ பேச்சுக் கிளம்பிவிட்டது. கன்னியாகச் செத்தவள், பாவாடையும் வளையலும் வைத்து வீட்டுச்சாமியாகக் கும்பிட்டால் குடும்பத்தைக் காப்பாள் என்று ஒருத்தி தேங்காய் பழத்தோடு வந்தாள். "அவளுக்குச் சாமியாகற வயசாங்க?" என்று கேட்டு அக்கா தேங்காயைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள், பழத்தை மட்டும் வாங்கிக் குழந்தைகளுக்குக் கொடுத்தாள்.

நாங்கள் சிரிப்பைக் கேட்கத்தான் போனோம், கதையில் மாட்டிக்கொண்டது எப்போது என்று சொல்லத் தெரியவில்லை. மரகதக்காவின் புருஷன் ஓடிப்போய் ஒன்பது வருஷமாகிறது, அவள் குடைக்காரன் கொழுக்கட்டைக்காரிக்குச் செருப்பு வார் மாட்டிவிடுகிற இடத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கூறுகெட்டவன்" என்று அன்பாகத் திட்டினாள். லோகநாதன் வாசலில் நின்றபடி இதெல்லாம் ஒரு கதையா என்று ஆரம்பித்து, நிலைப்படியில் உட்கார்ந்து, அப்புறம் உள்ளே வந்து மின்விசிறிக்கு நேராக இடம் பிடித்துவிட்டார். நான் யோசித்துப் பார்த்தேன். அந்த ஊரில் யாரும் யாரையும் விஷம் வைத்துக் கொல்வதில்லை. ஒருத்தன் ஒருத்தி மேல் ஆசைப்பட்டால், அவள் சாப்பிட்டாளா என்று கேட்கிறான். நடக்கிற பெரிய கெடுதலே ஒருவர் சொன்னதை இன்னொருவர் தப்பாகப் புரிந்துகொள்வதுதான், அதுவும் இரண்டு எபிசோட்டில் சரியாகிவிடும். எங்களுக்கெல்லாம் எதுவும் இரண்டு எபிசோட்டில் சரியானதில்லை. ஒன்றரை ஷிப்டு முடிந்து வந்து சோற்றைக் கையில் வைத்துக்கொண்டு தூங்கிப்போகிற பெண், எல்லாம் சரியாகிவிடும் ஒரு ஊரை ஒரு மணி நேரம் பார்த்துச் சிரித்ததில் என்ன தப்பு? அவள் இருந்தபோது எத்தனை தடவை கூப்பிட்டிருப்பாள், 'வாங்கக்கா, ஒண்ணே ஒண்ணு பாருங்க' என்று. அப்போதே போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து தோளில் ஒரு அடி வாங்கியிருக்கலாம். நான் போகவில்லை, துணி துவைக்க வேண்டியிருந்தது.

பதினாலாம் எபிசோட்டில் கொழுக்கட்டைக்காரிக்குக் காய்ச்சல் வந்தது. மார்கழி ஞாயிற்றுக்கிழமை, வீடு நிறைய ஆட்கள். அவள் மழையில் நனைந்து கடைவாசலில் மயங்கி விழுந்ததுமே உள்ளே ஒருவரும் மூச்சு விடவில்லை. யாராவது அதை நிறுத்துங்களேன் என்று மரகதக்கா முணுமுணுத்தாள், ஆனால் ரிமோட் வசந்தாமணியக்காவின் கையில் இருந்தது, அவள் நிறுத்தவில்லை. குடைக்காரன் அவளை முதுகில் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினான், நெற்றியில் ஈரத்துணி போட்டான், பக்கத்திலேயே உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டு தூங்கிப்போனான், விடிந்தபோது அவளுக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. அவ்வளவுதான். ஒரு துணி, ஒரு ராத்திரி. அக்கா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள், அவள் முதுகு குலுங்கியது, "நானுந்தான் துணி போட்டேன், நானுந்தான் போட்டேன்" என்று அவள் சொன்னது பொத்தின கைக்குள்ளிருந்து எங்களுக்குக் கேட்டது.

அப்போது குடைக்காரன் கஞ்சி வைக்கிறேன் பேர்வழி என்று அடுப்படிக்குள் போய்ப் பாத்திரத்தைத் தீய்த்து, புகையைப் பார்த்து மிரண்டு, வீட்டுக்குள்ளேயே குடையை விரித்துக்கொண்டு நின்றான். பீரோ பக்கம் விக்கல் வந்தது. மூக்கு வழியாகக் கிளம்பியது. பிறகு வாயைத் திறந்து அவள் சிரித்தாள், அந்த இரண்டு மாசத்தில் அப்படிச் சிரித்ததே இல்லை, காய்ச்சல் என்றால் என்னவென்றே தெரியாதவள் மாதிரி, அது தன்னை எதுவும் செய்யாதது மாதிரி சிரித்தாள். நாங்கள் எல்லோரும் அழுதோம். அழுதுகொண்டே, குடையைப் பார்த்து எங்களுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

தை மாதம் பதினைந்தாம் எபிசோடு. எல்லாம் கூடிவருகிற நேரத்தில், ஒப்பந்தக் காகிதம் யார் கையிலோ கிடைத்து, தன்னால் அவனுக்குக் கெட்ட பேர் வேண்டாமென்று கொழுக்கட்டைக்காரி கடையைப் பூட்டிவிட்டுப் பெட்டியோடு பஸ் ஏறினாள், குடைக்காரன் கையில் குடையோடு பஸ்ஸுக்குப் பின்னால் ஓடினான், பஸ் நிற்கவில்லை, அதோடு முடிந்தது. அன்றைக்கு மகளின் சிரிப்பு கொஞ்சந்தான் கேட்டது. டிவி அணைந்த பிறகு அக்கா ரிமோட்டைத் துணியில் சுற்றி, பானைக்குள் வைக்காமல், பீரோவுக்குள் வைத்துப் பூட்டிச் சாவியைத் தாலிக்கொடியில் கோத்துக்கொண்டாள். மாசி அமாவாசை வந்துபோனது. பங்குனி அமாவாசையும் போனது. யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

காம்பவுண்டில் எல்லார் கையிலும் போன் இருக்கிறது, பதினாறாம் எபிசோடை நினைத்தால் ஐந்து நிமிஷத்தில் எவரும் போட்டுப் பார்த்திருக்கலாம். சிந்துஜா பார்க்காமல் நாம் பார்ப்பதில்லை என்பது யாரும் வாய்விட்டுச் சொல்லாமலே ஏற்பட்டுவிட்ட கட்டுப்பாடு. லோகநாதன் மட்டும் கம்பெனி கழிவறையில் உட்கார்ந்து கள்ளத்தனமாகப் பார்த்துவிட்டார். வாயைத் திறந்து எதுவும் சொல்லவில்லை, ஆனால் அவர் முகத்திலேயே முடிவு தெரிந்தது. மரகதக்கா இரண்டு வாரம் அவரோடு பேசவில்லை.

காரியம் முடியாமல் தீட்டுக் கழியாது, தீட்டுக் கழியாமல் பங்காளிகள் வீட்டில் விசேஷம் வைக்க முடியாது. நாச்சிமுத்தண்ணனின் பெரியப்பா மகன் சென்னியப்பன், பெருந்துறைப் பக்கம் இருக்கிறவர், தையில் வைத்திருந்த மகளின் கல்யாணத்தைப் பங்குனிக்குத் தள்ளினார், பங்குனியிலிருந்து வைகாசிக்குத் தள்ளினார். சித்திரை பாதி கடந்ததும் அவரே நேரில் வந்தார். நல்ல மனிதர், குரலை உயர்த்தவில்லை.

"அம்மிணி, மாப்பிள்ளை ஊட்டுல இதுக்கு மேல தாங்கமாட்டாங்க. என்ற புள்ளயும் ஒண்ணும் சொல்லாம கதவைச் சாத்தீட்டு உக்காந்திருக்குது. ஒரு மணி நேரம், அவ்வளவுதான? கண்ணை மூடீட்டுப் போட்டு உட்ரு" என்றார்.

"நீங்க சொல்றது சரிதானுங்க மாமா" என்றாள் அக்கா. "ஆனா அந்த ஒரு மணி நேரம் போயிட்டா அப்புறம் என்ற புள்ள எங்கீங்க இருக்குது? இப்ப இந்த ஊட்டுக்குள்ள ஒரு மணி நேரம் பாக்கி இருக்குது. காத்தால எந்திரிக்கறப்ப அது இருக்குதுன்னு நெனச்சுத்தான் எந்திரிக்கறேன்."

சென்னியப்பன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கொடுத்த மோரைக் குடித்துவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்.

இத்தனை மாசமும் நாச்சிமுத்தண்ணன் அந்தச் சிரிப்பை ஒரு தடவைகூட முழுசாகக் கேட்டதில்லை. எபிசோடு போடுகிற ஞாயிறுகளில் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார், முனிசிபல் பள்ளிக்கூடச் சுவர் ஓரத்தில் ஒரு மணி நேரம் நின்றுவிட்டு வருவார். காஜா பட்டன் மிஷினில் இருபத்தெட்டு வருஷமாக உட்கார்ந்தவர், காது கொஞ்சம் மந்தம், அதனால்தான் போய்விடுகிறார் என்று நாங்கள் எங்களுக்குள் ஒரு காரணம் வைத்துக்கொண்டிருந்தோம். சென்னியப்பன் போன அன்றைக்கு நாச்சிமுத்தண்ணன் பெண்டாட்டிக்கு எதிரில் உட்கார்ந்து, பிசிறு வெட்டின பனியன்களை மடித்து அடுக்கினார். வாசலில் நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

"வசந்தா" என்றார். "பாதியில கரண்டு போயிட்டா அவ என்ன பண்ணுவா?"

அக்கா பிசிறு வெட்டிக்கொண்டே இருந்தாள்.

"கரண்டு வர்ற வரைக்கும் சோறு திங்கமாட்டா. தட்டைத் தொடமாட்டா. அப்புறம் என்னாச்சு, அப்புறம் என்னாச்சுன்னு நடந்துட்டே இருப்பா. பஸ்ஸு போயிருச்சு, அந்தப் பையன் ஓடீட்டு நிக்கறான், நீ அதோட நிறுத்தீட்ட. தையிலருந்து அந்தப் புள்ள அந்த மூலைல உக்காந்து அப்புறம் என்னாச்சுன்னு கேட்டுட்டு இருக்குது." அவர் ஒரு பனியனை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "மூணு மாசமா பட்டினி போட்டுட்டு இருக்கறமே வசந்தா."

அக்காவின் கத்தரி நின்றது. அவள் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே பார்த்தாள், ரொம்ப நேரம் பார்த்தாள், அப்புறம் தாலிக்கொடியிலிருந்து சாவியைக் கழற்றினாள். "ஏனுங்க, நாயித்துக்கிழமைக்குப் பொரி வாங்கீட்டு வாங்க" என்றாள்.

அந்த ஞாயிறு கத்தரி வெயில் ஆரம்பித்த முதல் நாள். கூரை ஆஸ்பெஸ்டாஸ், உள்ளே நாற்பது பேர், மின்விசிறி சூடான காற்றையே சுற்றிச் சுற்றி அடித்தது. நாச்சிமுத்தண்ணன் பள்ளிக்கூடச் சுவருக்குப் போகவில்லை. பீரோவை ஒட்டி, அந்த ஒன்றரையடியை மட்டும் விட்டுவிட்டு உட்கார்ந்தார். விட்ட இடத்தில் அக்கா பொரிக் கிண்ணத்தை வைத்தாள். டிவியில் பனி பெய்ய ஆரம்பித்தது, தெரு, மரம், பூட்டிக் கிடந்த கொழுக்கட்டைக் கடை எல்லாம் வெள்ளையாக, நாங்கள் வியர்வையைத் துடைத்துக்கொண்டே பார்த்தோம்.

அவள் சிரித்தாள். குடைக்காரன் அவளைத் தேடி ஊர் ஊராகப் போய், தெரியாத ஊரில் தப்பான வீட்டுக் கதவைத் தட்டி, தயார் பண்ணி வைத்திருந்த காதல் வசனத்தை எல்லாம் ஒரு கிழவரிடம் சொல்லி முடித்தபோது சிரித்தாள். அந்தக் கிழவர் சம்மதம் என்று சொன்னபோது, முன்னைவிடப் பலமாகச் சிரித்தாள். அப்போது நாச்சிமுத்தண்ணனின் இடது தோள் படக்கென்று சாய்ந்து நிமிர்ந்ததை நாங்கள் நாற்பது பேரும் பார்த்தோம். அவர் திரும்பவில்லை. வலது கையால் அந்தத் தோளைப் பொத்திக்கொண்டார், படம் முடிகிறவரை அந்தக் கையை எடுக்கவே இல்லை.

குடைக்காரனும் கொழுக்கட்டைக்காரியும் சேர்ந்தார்கள். எப்படிச் சேராமல் போவார்கள், அவர்கள் சேருவார்கள் என்று முதல் எபிசோட்டிலேயே எல்லாருக்கும் தெரியும், தெரிந்ததைப் பார்ப்பதற்குத்தானே பதினாறு மணி நேரம். பனிக்கு நடுவே குடையைப் பிடித்து அவளிடம் மறுபடி கல்யாணம் கேட்டான், குடைக் கம்பெனி முதலாளியின் குடை திறக்கவில்லை, இரண்டு பேரும் நனைந்தபடி நின்றார்கள். அதுதான் கடைசிச் சிரிப்பு. விக்கலில் தொடங்கி, மூக்கில் ஏறி, வாய் திறந்து வந்த அது, வழக்கம்போல அங்கேயே நிற்காமல், காலையில் கம்பெனி வேனுக்குப் போகிற பெண்கள் பேசிச் சிரித்துக்கொண்டே சந்தைக் கடக்கிற மாதிரி வாசலைத் தாண்டி, குழாயைத் தாண்டி, சந்து திரும்பிப் போனது. அக்கா நிலைப்படிவரை எழுந்து போனாள். வெயிலில் தெரு காலியாகக் கிடந்தது. திரையில் யாருக்கும் படிக்கத் தெரியாத எழுத்தில் பேர்கள் ஏறிக்கொண்டிருந்தன.

மறுநாள் விடியற்காலை கொடுமுடிக்குப் போய்க் காவிரிக்கரையில் காரியம் செய்தார்கள். பண்டாரம் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். வீட்டைக் கழுவிவிட்டார்கள், பங்காளிகள் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டார்கள், வைகாசியில் சென்னியப்பனின் மகள் கல்யாணம் நடந்தது, நாச்சிமுத்தண்ணனும் அக்காவும் போய் முன்வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்தார்கள். நாங்கள் மிக்சி ஓட்டினோம், குடத்தில் சத்தமாகத் தண்ணீர் பிடித்தோம்.

வைகாசி முடிகிற ஒரு ஞாயிறு மத்தியானம் ஏழாம் நம்பர் வீட்டில் டிவி சத்தம் கேட்டது. நாங்கள் ஒவ்வொருவராகப் போனோம். மகள் பேர் எழுதின கட்டத்தில் அந்த டிவியே புதிதாக ஒரு தொடரை எடுத்துக்காட்டியிருக்கிறது, அதுவும் கொரியாதான், அதுவும் சிரிப்புத்தான், அக்கா அழுத்திவிட்டாள். மூட்டையைப் பிரித்துவைத்துக்கொண்டு, பழையபடி டிவிக்கு முதுகைக் காட்டி, வாசல் வெளிச்சத்தில் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள். கண்ணாடி போட்ட ஒருவன் மாடிப்படியில் கால் தவறி, பூந்தொட்டியோடு உருண்டு கீழே வந்தான். நல்ல தமாஷ்தான் அது. நாங்கள் எல்லோரும் பீரோ பக்கம் பார்த்தோம். யாரும் சிரிக்கவில்லை.

அக்கா கத்தரியை நிறுத்திவிட்டுத் திரும்பினாள். திரையைப் பார்த்தாள்.

"இவன் யாரு கண்ணு, நேத்து வந்தவனா?" என்றாள்.

கேட்ட பிறகும் பதிலுக்காகக் காத்திருக்கிற மாதிரி அந்த ஒன்றரையடி இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது முதல் எபிசோடு, அவன் அப்போதுதான் வந்திருந்தான். அவன் யாரென்று எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை.